வினைத்திட்பமும் வினைப்பயனும்

உலகத்து மக்களாய்ப் பிறந்தார் யாவரும் தாம் மேற்கொண்ட கருமம் இனிது முடிதலையே விரும்புவர். உழவன் விளைவை விரும்புகின்றான். வணிகன் ஊதியத்தை விரும்புகின்றான். மாணவன் தேர்ச்சியை விரும்புகின்றான். அருள்நெறியில் நிற்பானும் தன் சாதனம் கைகூடுதலையே விரும்புகின்றான். இவ்விருப்பம் எல்லார்க்கும் பொதுவாதலின், கருமம் முடித்தற்கு வேண்டும் குணங்கள் இவை, பழக்கங்கள் இவை என எடுத்துரைக்கும் நூல்களும் சொற்பொழிவுகளும் எக்காலத்தும் மலிந்துள்ளன. வைகறையில் துயிலெழுக, காலத்தை வீணே போக்கற்க, குறிக்கோளை எழுதி வைக்க, மனந்தளரற்க என்று அவை கூறுவன யாவும் நல்லனவே. அவற்றை யாம் மறுக்கப் புகுந்தேமல்லேம். ஆயின் அவ்வுரைகளின் முடிவில் ஒரு வாக்கியம் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ நிற்கின்றது. இவற்றைக் கைக்கொண்டவன் தப்பாது வெல்வான் என்பதே அது. அவ்வாக்கியம் உண்மையாயின், வெல்லாதவன் இக்குணங்கள் இல்லாதவன் என்பதும் உடன் பெறப்படும். இம்முடிபு தக்கதோ, தகாததோ என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுதற்கு நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுதல் முறை. திருக்கழுக்குன்றத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரைக்கும் இடையே அணுபுரம் என்னும் ஊர் உளது. கல்பாக்கத்து அணுசக்தி நிலையங்களில் பணிபுரிவார் உறைதற்பொருட்டு அமைந்த குடியிருப்பு அது. எம் மகன் அங்கே பணியாற்றுதலின் யாமும் சில்லாண்டுகளாக அவ்வூரில் வதிகின்றேம். மாலைப்போதில் வரும் பிள்ளைகளுக்கு இலக்கணமும் இலக்கியமும் சொல்லிக் கொடுப்பது எம் வழக்கம். அவருள் ஒருவன், பதினெட்டு வயதினன், உயர்கல்விக்குரிய நுழைவுத்தேர்வை இருமுறை எழுதி இருமுறையும் தேறாதவனாய், ஒருநாள் எம்பால் வந்து நின்றான். “ஐயா, நாள்தோறும் நான்கு மணிக்கு எழுந்தேன். விளையாட்டை விட்டேன். கைப்பேசியைத் தாயாரிடம் கொடுத்துவிட்டேன். செய்க என்று அந்நூல்கள் சொன்னவற்றுள் ஒன்றையும் விட்டேனல்லேன். ஆயினும் தேறவில்லை. அந்நூல்கள் பொய்யோ, நான் இழிந்தவனோ, எது ஐயா?” என்று வினவினான்.

யாம் ஏட்டினின்றும் தலையெடாமலே, “எல்லாம் விதி, தம்பி” என்று கூறிவிட்டேம். அவன் மறுமொழி ஒன்றும் கூறானாய்ப் போயினான். அடுத்த மூன்று நாளும் பாடத்திற்கு வந்திலன். நான்காம் நாள் அவன் அன்னையார் எம்மில்லத்திற்கு வந்து, “பிள்ளை சரியாக உண்பதுமில்லை, பேசுவதுமில்லை, தாங்கள் ஏதேனும் சொன்னீர்களா?” என்று கேட்டனர். யாம் சொன்னது சாத்திரத்தில் உள்ள சொல்லே. ஆயினும் அச்சொல் அவனுக்கு மருந்தாகவில்லை; கதவை அடைத்ததுபோலாயிற்று. நாற்பதாண்டு நூல் ஓதிய யாம் ஒரு சிறுவன் வினாவுக்கு விடை கூற அறியாது ஒழிந்தேமே என்னும் நாணம் எம்மைப் பற்றியது. அந்நாணத்தின் விளைவே இவ்வெழுத்து.

வினையும் வினைப்பயனும் தம்முள் வேறென்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். உழுதல் வினை, விளைதல் பயன். கற்றல் வினை, தேர்ச்சி பெறுதல் பயன். வெற்றி என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் பயனுக்கே வழங்குகின்றோம். வினையின்கண் உள்ள செம்மைக்கு அச்சொல்லை வழங்குவார் அரியர். அதனால் பயன் கைகூடியவிடத்து வினை செவ்வனே நடந்தது என்றும், கைகூடாதவிடத்து வினை பழுது என்றும் கொள்ளும் மயக்கம் எழுகின்றது. இம்மயக்கம் நீங்கினாலன்றி, எக்குணம் வினைக்கு உறுதி தருவது என்பதும் விளங்காது, பயன் தவறியவழி எவ்வாறு நிற்பது என்பதும் விளங்காது. ஆதலின் இவ்விரண்டையும் தனித்தனி ஆராய்வாம்.

வினைக்கு உறுதி தரும் குணத்தை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டா. அப்பிள்ளையின் தந்தையாரும் எம் மகனும் நாள்தோறும் சென்று மீளும் கல்பாக்கத்திலேயே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உளது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சோதனைக்கென அமைந்த அதிவேக ஈனுலையே அது. தான் உண்ணும் எரிபொருளினின்றே புதிய எரிபொருளையும் ஈனுதற்கு வகைசெய்யும் உலை ஆதலின் ஈனுலை எனப் பெயர் பெற்றது. பிரெஞ்சு நாட்டில் இருந்த உலை ஒன்றைத் தழுவி இதனை வகுத்தனர். செறிவூட்டிய யுரேனியம் அயல்நாட்டினின்றும் கிடைக்கும் என்பது தொடக்கத்து எண்ணம். 1974-ஆம் ஆண்டில் பொக்கரானில் நம் நாடு அணுவெடிச் சோதனை செய்தபின் அவ்வழி அடைபட்டது. அங்ஙனம் அடைபட்டமை கண்டு கருமத்தைக் கைவிட்டாரல்லர். தம் கையில் உள்ள புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் கார்பைடாக ஆக்கி, இத்தகைய உலையை முதன்மையாக இயக்கும் எரிபொருளாகப் பிறர் எவரும் கொள்ளாத ஒரு கலவையைத் தாமே சமைத்துக் கொண்டனர்.

அவ்வுலை 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் முதன்முதலில் தொடர்வினை நிலை எய்திற்று. வகுத்த திட்டப்படி அது தரவேண்டிய வெப்ப ஆற்றல் 40 மெகாவாட்டு. ஆனால் புதிய எரிபொருளின் இயல்பு முற்றும் அறியப்படாமையின், முதற்கண் சிறிய அளவே எரிபொருள் இட்டுப் பத்து மெகாவாட்டுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலுக்கே அமைத்துக் கொண்டனர். 1987-இல் எரிபொருள் தொகுதியை இடமாற்றுங்கால் ஓர் இடையூறு நேர்ந்து, உறுப்புக்கள் வளைந்தன. அதனைச் செப்பனிட ஏறத்தாழ ஈராண்டு கழிந்தது. 1997-இல் அதன் மின்னாக்கி மின்தொடரோடு இணைந்தது. வகுத்த 40 மெகாவாட்டு அளவை அவ்வுலை எட்டியது 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலேயாம். தொடக்கத்துக்கும் இதற்கும் இடையே கழிந்தவை 36 ஆண்டுகட்கு மேல். தொடங்கிய நாளில் பணிபுரிந்தாருள் பலர் இதற்குள் ஓய்வு பெற்றிருப்பர் என்பது சொல்லாமே அமையும்.

இவ்வரலாற்றில் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது கழிந்த காலத்தின் நீட்சியன்று, ஏறிய முறையே. எரிபொருளை எவ்வளவு எரிக்கலாம் என்பதற்கு முதலில் ஒரு டன்னுக்கு 25,000 மெகாவாட்டு-நாள் என ஓர் எல்லை வகுத்தனர். அவ்வெல்லையை அடைந்ததும், எரிந்த கோலை வெளியே எடுத்துக் கனத்த சுவர்களுக்கு அப்பால் வைத்து அறுத்து, வீங்கிற்றோ, விரிசல் உற்றதோ, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்தனர். தாங்கும் என்பது தெளிந்தபின் 50,000-க்கு ஏறினர். மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர்; பின் 1,00,000-க்கு ஏறினர். இவ்வாறே ஏறி 1,65,000 வரை எய்தினர். ஒவ்வொரு படியிலும் நின்று, தம் பொருளின் நிலையைத் தாமே அறுத்துப் பார்த்து, அதன் பின்னரே அடுத்த படியில் கால் வைத்தனர் என்பது காண்க.

இதனின்றும் பெறப்படும் குணங்கள் மூன்று. கிடைத்தது கொண்டு தொடங்குதல் ஒன்று. இடையூறு நேர்ந்தவழி அதனைத் தன் இழிவென்று கொள்ளாது செப்பனிடுதற்குரிய பணியென்று கொள்ளுதல் ஒன்று. அளவறிந்து ஏறுதல் ஒன்று. இம்மூன்றனுள் முன்னைய இரண்டும் நூல்களில் பெரிதும் பேசப்படுவன. மூன்றாவது அத்துணைப் பேசப்படுவதன்று. எம் கருத்தில் அதுவே தலையாயது. ஊக்கம் மிக்கார் பலர் கெடுவது, தாம் நின்ற படி யாது என்று அறியாமல் மேற்படிக்குத் தாவுதலினாலேயாம். சோர்வு மிக்கார் பலர் கெடுவது, தாம் ஏறிவிட்ட படிகளை எண்ணாமல் ஏறவேண்டிய படிகளையே நோக்கி அஞ்சுதலினாலேயாம். இருவர்க்கும் இல்லாதது தன்னளவு அறிதல். சரியை, கிரியை, யோகம், ஞானம் என நம் ஆசிரியர் படிமுறை வகுத்ததூஉம், பக்குவத்தை நால்வகைப்படுத்ததூஉம், உயிர் தான் நின்ற நிலையறிந்து மேலேறற் பொருட்டேயன்றோ?

தன்னளவு அறிதற்கு நாள்வழுவா நியமம் கருவியாம். ஒருநாள் பன்னிரண்டு நாழிகை முயன்று மறுநாள் வாளாவிருப்பான் தன் வலியைத் தானறியான். நாள்தோறும் சிறிதேனும் ஒரே முறையில் செய்வானுக்கே நேற்றினும் இன்று ஏறியதும் இறங்கியதும் புலனாம். காஞ்சிமாநகர் எய்தி நின்ற சாக்கிய நாயனார் வரலாற்றை அன்பர்கள் அறிவர். அவர் நாள்தோறும் சிவலிங்கத்தின்மீது ஒரு கல் எறிந்த பின்னரே உண்பர். ஒருநாள் மறந்து உண்ணத் தொடங்கியவர், நினைவு வந்தவளவில் உணவை விட்டு எழுந்து ஓடிச்சென்று அக்கல்லை எறிந்தனர். செயல் எத்துணைச் சிறியது! கல்லொன்று எறிதல். அதனை வழிபாடாக்கியது அன்பு. அவ்வன்பை நாள்தோறும் நிலைபெறுத்தியது நியமம். பழக்கம் என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த விளக்கம் எமக்குத் தோன்றவில்லை.

இனிப் பயனைக் குறித்து ஆராய்வாம். அளவறிந்தும் நியமம் வழுவாதும் முயன்றவழிப் பயன் ஒருதலையாக வருமோ எனின், வாராமையும் உண்டு என்பதே உண்மை. இதற்கும் சான்று அண்மையிலேயே உளது. மாமல்லபுரத்துக் கற்றேர்கள் ஏழாம் நூற்றாண்டில் பல்லவ வேந்தர் காலத்தில் நின்ற பாறையிலேயே குடைந்து செதுக்கப்பட்டவை. அடியினின்று கட்டிச் செல்வது போலன்றி, உச்சியினின்றும் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கி வருதல் அங்கே கையாண்ட முறை. கட்டடத்தில் பிழைத்த கல்லை எடுத்து வேறு கல் வைக்கலாம். ஈண்டு ஒரு முறை அடித்த உளியை மீட்டல் இயலாது. ஆதலின் ஒவ்வோர் அடியும் ஆராய்ந்து அடித்த அடியாதல் வேண்டும். அத்துணைக் கருத்தோடு செய்தும் அக்கற்றேர்கள் முற்றுப்பெறவில்லை. தருமராசர் தேர் என வழங்கும் பெரிய தளி, மேனிலைகளில் நுண்ணிய சிற்பங்களோடு விளங்க, கீழ்நிலை செதுக்கி முடியாமல் நிற்கின்றது. அச்சிற்பியர்க்கு ஊக்கமில்லையென்றோ, திறமில்லையென்றோ கூறுவார் உளரோ? 1984-இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அவ்வூர்த் தொகுதி ஏற்கப்பட்டபோது, முடிந்தவை மட்டும் ஏற்கப்படவில்லை. முடியாதனவும் உடன் ஏற்கப்பட்டன.

அற்றேல், முயற்சி பயனில்லாததோ, எல்லாம் ஊழின் வழியதோ எனின், அதுவும் பொருந்தாது. திருவள்ளுவனார் ஊழ் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதிக்கண் வைத்தனர். ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தனர். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறந்தாரல்லர். இரண்டையும் உடம்பட்டே கூறினர். சித்தாந்த நூல்கொண்டு நோக்குவார்க்கு இவை முரணாகா. ஊழ் என்பது எங்கிருந்தோ வந்து நம்மைப் பற்றும் பகையன்று. முன்னர் நாம் செய்த வினையே பயனாக வந்து நிற்பதற்கு அது பெயர். இன்று செய்யும் வினை ஆகாமியமாய் ஏறிப் பின்வரும் பயனுக்கு வித்தாகின்றது. ஆகவே ஊழை நம்புவான் முயற்சியை இகழ்தல், விளைந்த நெல்லைப் போற்றி விதைநெல்லை எறிந்துவிடுதலை ஒக்கும்.

மேலும், வினை சடப்பொருள். அது தன் பயனைத் தானே அறிந்து கொண்டுவந்து ஊட்டமாட்டாது. செய்த வினையே பயன் தரும் என்ற மீமாஞ்சகர் கொள்கையை நம் ஆசிரியர் மறுத்தது இதுபற்றியே. வினைக்குரிய பயனை உரிய காலத்தில் கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தம். இதனைச் சமயத்துக்கு மட்டும் உரிய கோட்பாடென்று கருதற்க. நாள்வாழ்க்கைக்கும் இதனால் பெறும் தெளிவு உண்டு. முயற்சி நம் கையது. பயன் நம் கையதன்று. இதனை உணர்ந்தான் வென்றவிடத்து, “இஃது என் திறமே” என்று தருக்கான். தோற்றவிடத்து, “யான் இழிந்தேன்” என்று மாழ்கான். முன்னே கூறிய நூல்களின் குறை இதனால் விளங்கும். அவை வினையைச் செய்வானிடத்தே பயனையும் வைத்துவிட்டன. அதனால் வென்றானுக்குச் செருக்கையும் தோற்றானுக்கு இழிவையும் தாமறியாமலே ஊட்டுகின்றன.

ஈண்டு மற்றொரு மயக்கத்தையும் விலக்கல் வேண்டும். தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்குக் கணித மேதை இராமானுசனை எடுத்துக்காட்டுதல் பலர் வழக்கம். கும்பகோணத்துக் கல்லூரியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்று, கணிதம் ஒழிந்த பாடங்களில் தேறாமல், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் அமர்ந்தவர் அவர். 1913 சனவரியில் கேம்பிரிட்சுக் கணித அறிஞர் ஆர்டிக்கு மடல் விடுத்து, 1918-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானவர். இவ்வரலாறு கூறி, “அவரும் தோற்றார், நீயும் வெல்வாய்” என்பது நேர்மையான உரையன்று. தோற்றார் பலருள் மடலுக்கு மறுமொழி பெற்றார் மிகச் சிலரே. இராமானுசன் வாழ்க்கையில் நாம் கொள்ளத்தக்கது அவர்க்குப் பின்னர் வந்த புகழன்று. எவரும் அறியாதிருந்த ஆண்டுகளிலும் தம் குறிப்பேட்டை எழுதுவதை விட்டாரல்லர் என்பதே. அம்மறுமொழி வாராதிருந்தாலும் அக்குறிப்பேட்டின் உண்மை குறைந்திராது.

பயன் புறத்தே தோன்றாத வினைக்கும் மதிப்புண்டு என்பதற்குத் தொண்டைநாட்டுத் திருநின்றவூர்ப் பூசலாரினும் மிக்க சான்று வேண்டா. கோயில் எடுக்க விழைந்து, எங்குத் தேடியும் பொருள் பெறாதவர் அவர். பொருள் கிடையாமையை ஊழென்று கூறி வாளாவிருந்தாரல்லர். நல்லோரை நோக்கி அடிநிலை இட்டு, கல்லும் மரமும் தச்சரும் கருத்தினாலே கூட்டி, இரவும் உறங்காமல், சிகரமும் மதிலும் கிணறும் குளமும் ஒன்றன்பின் ஒன்றாக மனத்துள்ளே முறைப்படி அமைத்து முடித்தனர். காஞ்சியில் காடவர்கோமான் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய கற்றளிக்கு முற்பட அக்கோயிலையே இறைவன் ஏற்றருளினான் என்பது சேக்கிழார் பெருமான் கூறும் வரலாறு. மனத்துள் கட்டுவதாயின் ஒரு நொடியில் முழுக்கோயிலையும் நினைந்துவிடலாமே! அவரோ ஒரு கல்லையும் முறைபிறழ வைத்தாரல்லர். வினையின் செம்மை என்பது அதுவேயாம்.

இத்துணையும் ஆராய்ந்தபின், யாம் அப்பிள்ளையிடம் செய்த பிழை யாது என்பது எமக்குத் தெற்றெனப் புலனாயிற்று. ஊழ் என்பது உண்மை; ஆயினும் அச்சொல்லை ஆளுதற்கு இடமும் காலமும் உண்டு. பயன் வந்தபின்னரே ஊழ் இன்னதென்று அறியப்படும். அதற்குமுன் எவரும் அறியார். ஆதலின் முயலும் முன் ஊழைக் கூறுவான் சோம்பலுக்கு அரண் தேடுகின்றான். தனக்கு வந்த இழப்பின்கண் ஊழை நினைவான் தன் உள்ளத்தை ஆற்றுகின்றான், அது தக்கது. தனக்கு வந்த செல்வத்தின்கண் ஊழை நினைவான் செருக்கை அடக்குகின்றான். அது மிகத் தக்கது. பிறர்க்கு வந்த துன்பத்தின்கண் ஊழைக் கூறி அகல்வானோ, தன்னால் ஆகும் உதவியையும் செய்யாது ஒழிகின்றான். யாம் செய்தது அதுவே. நீரில் அழுந்துவானைக் கண்டு கரையில் நின்று ஆற்றின் ஆழத்தைக் கூறியதுபோலாயிற்று எம் சொல்.

மறுநாள் யாமே அப்பிள்ளையின் இல்லம் சென்றேம். “தம்பி, அன்று நாம் சொன்னது தவறு. நீ இழிந்தவனல்லை. அந்நூல்கள் முற்றும் பொய்யுமல்ல, அவை பாதியைச் சொல்லி நிறுத்தின” என்றேம். அவன் நெடுநேரம் தரையை நோக்கியிருந்து, “மூன்றாம் முறை எழுதினால் தேறுவேனா, ஐயா?” என்று கேட்டான். “தேறுவாய் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. தேறாய் என்று சொல்லவும் உரிமையில்லை. நீ எழுதிய இரண்டு தேர்வின் வினாத்தாள்களையும் கொண்டு வா. எவ்விடத்தில் எவ்வகையால் பிழைத்தாய் என்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம். உன் தந்தையார் பணிபுரியும் இடத்தில் எரிந்த கோலை எடுத்து அறுத்துப் பார்ப்பதுபோல நாமும் பார்ப்போம்” என்றேம். எமக்குக் கணிதமும் இயற்பியலும் தெரியா. ஆயினும் உடனிருந்தேம். பார்த்தபோது புலனாயது யாதெனின், அவன் முன்னரே நன்கறிந்த பகுதிகளையே திரும்பத் திரும்பப் பயின்று, அறியாத பகுதிகளை அஞ்சி ஒதுக்கி வந்திருக்கின்றான் என்பதாம். நான்கு மணிக்கு எழுந்த உழைப்பு உண்மை. அவ்வுழைப்பு தன்னளவை ஆராயாத உழைப்பாய் இருந்தது. இதனைக் கண்டறிந்தவன் அவனே, யாமல்லேம். கண்டறிந்தபோது அவன் முகத்தில் நாணம் தோன்றவில்லை, தெளிவே தோன்றியது. அவன் அத்தேர்வையே மீண்டும் எழுதினும், வேறொரு கல்வியை மேற்கொள்ளினும், அத்தெளிவு அவனை விட்டு நீங்காதென்பது எம் துணிபு.

ஆகவே, வாழ்வில் மேம்படுதற்குரிய பழக்கங்கள் யாவை என்று வினவுவார்க்கு யாம் கூறுவது இவ்வளவே. கையில் உள்ளது கொண்டு தொடங்குக. சிறிதாயினும் நாள்வழுவாது செய்க. ஒவ்வொரு படியிலும் நின்று தன் நிலையைத் தானே அறுத்து ஆராய்க. இடையூறு வரின் செப்பனிடுக. இவை வினைக்கு உரியன. பயன் வந்தால் பணிக. வாராதாயின் தன்னை இகழற்க. பெற்றோரும் ஆசிரியரும் இவற்றோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுதல் நன்று. தம் பிள்ளை வென்று வந்த நாளில் இறைவன் திருவருளை நினைவூட்டுக. தோற்று வந்த நாளில் விதியைக் கூறற்க. அருகே அமர்ந்து வினாத்தாளை விரித்துப் பார்க்க.